வெறும் குழியில் நீலம்

ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாத குழி நீலமாகிக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மேசைமேல் குனிந்தார். நீலம் போகவில்லை. பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் ஏறுவதுபோலக்கூட இருந்தது.

"ஷர்மினி, இது நம்ம வெறும் குழிதானே?"

"ஆமா சார். முதல் வரிசை பூரா வெறும் குழிதான். சாம்பிள் ஒண்ணும் போடல."

"அப்புறம் எப்படிம்மா நீலம் வருது?"

"அதான் சார் தெரியல."

ஜொகூரில் பெர்மாஸ் ஜெயாவுக்குப் பக்கத்தில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த லேப். அர்ச்சுனன் அதற்கு மேனேஜர். அவர் உருவாக்கியிருந்த கிட் கண்ணீரை அளப்பது. எவ்வளவு அழுதோம் என்பதை அல்ல. கண்ணீரோடு சேர்ந்து சுரக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதத்தை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையும் கைப்பேசியையும் பார்த்துக் கண் வறண்டுபோகிறவர்களுக்கு அது குறைந்துவிடும். உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் அந்தப் புரதத்தை மட்டும் கவ்விப் பிடிக்கிற ஆன்டிபாடி பூசியிருக்கும். புரதம் நிறைய இருந்தால் குழி கடும் நீலமாகும். கொஞ்சம் இருந்தால் வெளிர் நீலம். ஒன்றுமே இல்லாவிட்டால் தண்ணீர்போலத் தெளிவாக நிற்க வேண்டும். அப்படி நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு வரிசைக் குழிகளில் வெறும் கரைசலை மட்டும் விடுவார்கள். கிட்டின் மானம் அந்த வரிசையில்தான் இருந்தது.

மானம் இப்போது நீலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பிரேமலா வருகிறார். கோலாலம்பூரில் ஒரு கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவி. அவர் கண்ணெதிரே கிட் வேலை செய்துவிட்டால் அங்கே இதைத்தான் வாங்குவார்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பொஸ் தேனப்பன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இந்தக் கிட் வரும்வரை அவருடைய கம்பெனி வெளிநாட்டுக் கிட்டுகளை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தது. "சொந்தமாச் செய்யலாம்னு நீங்க சொன்னீங்க, நானும் சரின்னேன். வெள்ளிக்கிழமை நடக்கலன்னா இந்த இடத்தை ஸ்டோர் ஆக்கிடுவேன் லா, அர்ச்சுனன். கோவிச்சுக்கக் கூடாது."

அர்ச்சுனனுக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அப்பா குளுவாங் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். மகன் ஜொகூரிலேயே முதல்முறையாகக் கண்ணீரை அளக்கிற கிட் செய்திருக்கிறார். அது ஜொகூரிலேயே முதல்முறைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. அவர் சொன்னார், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கீழே டயர்க் கடைக்காரர், நாசி லெமாக் சோறு விற்கும் அம்மா, கார் நிறுத்துமிடத்துக் காவலாளி என அந்தத் தெருவில் ஆன்டிபாடி பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. அர்ச்சுனனின் பெருமை எப்போதும் வாய்வழியாகத்தான் வெளியே வரும்.

"கழுவுனது பத்தல," என்று முடிவுசெய்தார். "தண்ணிய மாத்துவோம். பாட்டில மாத்துவோம். புதுக் கரைசல் கலக்குவோம்."

எல்லாம் மாற்றினார்கள். ஷர்மினி இரண்டாவது தட்டைத் தொடங்கினாள். அவர் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மெதுவாம்மா. ஓரத்துல படாம விடு. அப்படித்தான். செல்வா, இந்தக் கையப் பாரு. மெஷின்கூட இப்படி விடாது. இந்தக் கையத்தான் நான் டாக்டர் பிரேமலாகிட்டச் சொல்லப் போறேன்."

நீலத்தை எண்ணாக்கிக் காட்டும் அளவுக்கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வா தலையாட்டினான். லேப்பில் வேலை செய்த இன்னொருவன் அவன். ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தைகளை ஒரு கையில் அடக்கிவிடலாம்.

இரண்டாவது தட்டில் வெறும் குழிகள் முதல் தட்டைவிட நீலமாக வந்தன.

அப்போதுதான் அர்ச்சுனன் ஷர்மினியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"புது லென்ஸ் சார். ஒத்துக்கல."

"ம்," என்றார். வேறொன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். தட்டு பிடிப்பது கண்ணீரில் இருக்கும் புரதத்தை. தட்டின்மேல் குனிந்து நிற்பது கண் சிவந்த பெண். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடும்; கண்ணை யார் மூடினார்கள்? இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தப் பெண் வேலை நேரத்தில் அழுகிறாள். தெரியாமல், சத்தமில்லாமல், தட்டுக்கு நேர் மேலே.

மனது கனத்துப்போயிற்று. ஆனால் அந்தக் கனத்துக்கு நடுவிலும் ஓரமாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. கண் ஓரத்தில் துளிர்த்ததுகூடத் தப்பவில்லை. என்ன கிட் அது.

மாலை வீட்டில் மனைவி வாசுகியிடம் விஷயத்தைச் சொன்னார். வாசுகி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். அரைமணி நேரமாகியும் அவர் முடிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு கேட்டீங்களா?"

"லென்ஸுங்குறா. எல்லாரும் சொல்றதுதானே அது."

"அவளக் கொஞ்சம் பேசவிட்டு, நீங்க சும்மா இருந்து கேளுங்க."

"அதான் நானும் நினைச்சேன்," என்றார் அர்ச்சுனன். "நாளைக்கு அவகிட்ட நல்லாப் பேசிடறேன்."

வாசுகி அடுத்த தோசையை ஊற்றினாள்.

மறுநாள் காலை அவர் குளுவாங் கோப்பியும் கறிப்பாப்பும் வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்தார். தின்பதை வெளி அறையில் முடித்துக்கொண்டு உள்ளே வந்ததும், மேசைக்கு நடுவில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் முதல்முறை மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தபோது வாத்தியார் வெங்காயத் தோலை வைத்துக் காட்டியது, இவர் தன் கண்ணிமை முடியையே பார்த்துவிட்டு 'வெங்காயத்துல புழு' என்று கத்தியது, அன்றிலிருந்து வகுப்பில் பாதிப் பேர் வெங்காயம் சாப்பிடுவதை நிறுத்தியது. ஷர்மினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செல்வாவின் தோள்கூடக் குலுங்கியது. சிரிக்கிற முகத்தைப் பார்த்து அர்ச்சுனனுக்கு நிம்மதி. அவரும் தட்டுக்குமேல் குனிந்து நன்றாகச் சிரித்தார்.

வெறும் குழிகள் நேற்றைவிடக் கறுத்த நீலத்தில் வந்தன.

"வெளிய சிரிக்கிறா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "உள்ள அழுதுகிட்டுத்தான் இருக்கா."

புதன்கிழமை ஷர்மினியை அளவுக்கருவிக்கு மாற்றிவிட்டுச் செல்வாவைத் தட்டுக்கு வரச் சொன்னார். புதிதாக அந்த இடத்துக்கு வந்தவனுக்குத் தைரியம் வேண்டுமே என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பயப்படாத செல்வா. உன்னால முடியும். நம்ம பிள்ளைங்களால முடியாதது என்ன இருக்கு? நம்ம கிட் பெட்டியில 'ஜொகூரில் செய்தது'ன்னு போட்டு வெளியூருக்குப் போகப்போகுது. அந்தப் பெட்டியில உன் கையும் இருக்கு."

செல்வா வாய் திறக்காமல் விட்டுக்கொண்டே போனான். வரிசை முடிந்தது. காத்திருந்தார்கள். நீலம் வந்தது. ஷர்மினி கையால் வந்ததைவிட ஒரு படி கூட.

அர்ச்சுனன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

"வீட்ல எல்லாம் சரியா, செல்வா?"

"சரிதான் சார்."

"வேற ஏதாச்சும்?"

"இல்ல சார்."

அந்த 'இல்ல சார்' என்பதில் எவ்வளவு துக்கம் இருந்தது என்பது அர்ச்சுனனுக்கு மட்டும்தான் கேட்டது. இவனும் அழுகிறான். இருவரும் ஒரே வாரத்தில் அழுகிறார்கள். ஒரே லேப்பில். நேற்று ஒருவர் சிரித்ததைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதுகள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருந்திருக்கிறது, இப்போது சண்டை.

மத்தியானத் தட்டு போடும்போது, யாரையும் குறிப்பிடாமல், பொதுவாகச் சொல்வதுபோல, குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசினார். கல்யாணமான புதிதில் வாசுகி கோபித்துக்கொண்டு சிங்கப்பூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனது, எல்லைப் பாலத்து நெரிசலில் பேருந்து நகராமல் நிற்க, இவர் இறங்கி நடந்தே போய் அவளைப் பிடித்தது, நடந்துகொண்டே பேசிச் சமாதானம் ஆனது. "பேசணும்," என்றார் அழுத்தமாக. "எது வந்தாலும் வாய்விட்டுப் பேசிடணும். பேசப் பேசத்தான் தெளியும்."

குழிகள் தெளியவில்லை.

"அலமாக், போச்சு," என்றாள் ஷர்மினி மெதுவாக, கருவியில் வந்த எண்ணைப் பார்த்து.

வியாழக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள் என்பது அர்ச்சுனனுக்கு நினைவு வந்தது. கேக்கை உள்ளே கொண்டுவரக் கூடாது, விதி. பாட்டுக்கு விதி கிடையாது. கீழிருந்து டயர்க் கடைக்காரர், நாசி லெமாக் அம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார். தான் மட்டும் உள்ளே நின்று, தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை முழுக்கப் பாடினார். குரல் நன்றாக இருந்தது. ஷர்மினி தட்டைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைய வெறும் குழிகள், நிஜக் கண்ணீர் விட்ட குழிகளைவிட நீலமாக இருந்தன.

ஷர்மினி தட்டைப் பார்த்தாள். பிறகு அர்ச்சுனனைப் பார்த்தாள். பிறகு செல்வாவைப் பார்த்தாள். செல்வா அதற்கு முன்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் மூலையில் நின்று சற்று நேரம் கிசுகிசுத்துவிட்டு, அவர் அறைக்கு வந்தார்கள்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் ஷர்மினி. "நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா சார்?" அவள் முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது. "எப்ப தெரிஞ்சது?"

"முதல் நாளே சந்தேகம். நேத்து நிச்சயமாயிருச்சு."

"அப்புறம் ஏன் சார் நீங்க..."

"உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. மனுஷங்கன்னா இருக்கறதுதான். யாரால அடக்க முடியும், சொல்லு?"

"கொஞ்சம் அடக்கினா போதும் சார். நாளைக்கு ஒருநாள் மட்டும்."

"நாளைக்கு நீங்க எதையும் நினைக்கக் கூடாது. டெமோ நல்லபடியா முடியட்டும். அப்புறம் ரெண்டு வீட்லயும் நானே பேசறேன்."

"ரெண்டு வீட்லயுமா?" என்றான் செல்வா.

"ஆமா. எல்லாத்தையும் பேசியே சரிபண்ணிடலாம்."

"பேசியா சார்?"

ஒரே நேரத்தில் செல்வா இவ்வளவு பேசி அர்ச்சுனன் கேட்டதில்லை. பாசத்தோடு அவன் முதுகில் தட்டி இருவரையும் அனுப்பிவைத்தார். வெளியே போனபின் ஷர்மினி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இன்னும் அழுகிறாள் என்று முடிவுகட்டினார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பிரேமலா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சாந்தமான முகம், கூர்மையான கண். காலையிலேயே கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, ஆயர் ஈத்தாமில் மட்டும் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்ததாகச் சொன்னார். தேனப்பன் புதுச் சட்டையில் வந்து நின்றார்.

"சார், நீங்க பொஸ்கூட ஆபீஸ்ல இருங்களேன்," என்றாள் ஷர்மினி. "நாங்க பாத்துக்கறோம்."

"உங்களத் தனியா விட்டுட்டு நானா? பேசாம வேலையப் பாரும்மா."

கிட்டத்தட்ட மூன்று மணி நேர வேலை அது. மூன்று மணி நேரமும் அர்ச்சுனன் தட்டின் பக்கத்திலிருந்து நகரவில்லை. ஆன்டிபாடியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை முறை தோற்றார்கள், கரைசலில் உப்பு அளவு பிசகி ஒரு மாதம் வீணானது, ஷர்மினி அதை எப்படிக் கண்டுபிடித்தாள், செல்வா விடுமுறையிலும் வந்து எப்படிக் கருவியைச் சரிசெய்தான் என்று எல்லாவற்றையும் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரேமலா குறுக்கே பேசாமல் கேட்டார்.

கடைசிக் கரைசல் விழுந்தது. காத்திருந்தார்கள்.

வெறும் குழிகள் ஒவ்வொன்றாக, யாரோ உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல, நீலமாயின.

தேனப்பன் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிகளை எங்கே போடலாம் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது.

அர்ச்சுனன் நிமிர்ந்து நின்றார்.

"டாக்டர், கிட்டுல தப்பில்ல. இத நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். கிட் உண்மையத்தான் சொல்லுது. என் பிள்ளைங்க மனசுல ஏதோ கஷ்டம். வேலை செய்யறப்ப அழுதுடறாங்க. அத இது பிடிக்குது. அவங்க கஷ்டத்தைத் தீர்க்கத் தெரியாதது என் குறை. தயவுசெஞ்சு அவங்கமேலயோ கிட்மேலயோ போடாதீங்க."

ஷர்மினி வாயைத் திறந்தாள். பிரேமலா கையை லேசாக உயர்த்தி அவளை நிறுத்தினார். அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்தார், செல்வாவைப் பார்த்தார், கடைசியாக அர்ச்சுனனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு அழறதாலன்னு சொல்றீங்க?"

"ஆமா டாக்டர்."

"அப்ப தனியா விட்டா இன்னும் நல்லா அழுவாங்க. ஷர்மினி மட்டும் உள்ள இருந்து இன்னொரு தட்டு போடட்டும். நாம எல்லாரும் சாப்பிடப் போலாம். வந்து பாக்கறப்ப இதைவிட நீலமா இருந்தா நீங்க சொல்றது சரி."

அர்ச்சுனனுக்கு மறுக்க வழியில்லை. எதிரே இருந்த கடையில் வாழையிலை போட்டார்கள். அவர் சோற்றைத் தொடவில்லை. ஒரு பெண்ணைத் தனியே அழவிட்டு வந்திருக்கிறோமே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனப்பன் மீன்கறியை ஊற்றிக்கொண்டு, ஸ்டோர் என்றால் தரையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று செல்வாவிடம் சொன்னார். செல்வா ரசத்தைக் குடித்தான். பிரேமலா இரண்டாம் முறை அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் கவலையே இல்லாததுதான் அர்ச்சுனனுக்கு மேலும் கவலையாக இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஷர்மினி தட்டை வெளிச்சத்துக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.

வெறும் குழிகள் தண்ணீர்போல இருந்தன. அடுத்த வரிசையில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வெளிர் நீலம். அதற்கடுத்ததில் கொஞ்சம் கூட. அப்படியே படிப்படியாக ஏறி, கடைசியில் மையைக் கொட்டியதுபோலக் கடும் நீலம். கருவி ஒரு கோடு வரைந்து காட்டியது. அதில் வளைவோ நெளிவோ இல்லை.

அர்ச்சுனனுக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் அநேகமாக முதல்முறை. கண்ணாடியைக் கழற்றினார். கன்னத்தில் வழிந்ததைக் கையால் துடைத்துக்கொண்டார்.

பிரேமலா தட்டை நீண்ட நேரம் பார்த்தார்.

"நாங்க வெளிநாட்டுக் கிட் பலதும் வெச்சுப் பாத்திருக்கோம்," என்றார். "இவ்வளவு கொஞ்சமா இருக்கறத எதுவும் பிடிச்சதில்ல. வெறும் குழி இவ்வளவு சுத்தமா நின்னதும் இல்ல. மிஸ்டர் தேனப்பன், எங்க ஆராய்ச்சிக்கு இதைத்தான் எடுத்துக்கப் போறோம். காலையில வந்த தட்டையும் எனக்குக் குடுங்க. என் மாணவர்களுக்குக் காட்டணும். அதுதான் இந்தக் கிட்டுக்கு நல்ல விளம்பரம்."

தேனப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெட்டியில 'ஜொகூரில் செய்தது'ங்கற எழுத்த இன்னும் பெரிசாப் போடலாம் லா, அர்ச்சுனன்."

அர்ச்சுனன் தலையாட்டினார். இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை நேரில் வந்து நிற்கும்போது, அதை மற்றவர்கள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவருக்கு மனதில் தங்கிவிட்டது. ஷர்மினியின் பக்கம் திரும்பினார்.

"காலையில வரைக்கும் அழுதுகிட்டிருந்த பிள்ள, இப்ப எப்படிம்மா நிறுத்துன? யாரும்மா உன்ன அழ வெச்சது? இப்பவாச்சும் சொல்லு."

ஷர்மினி தரையைப் பார்த்தாள். பிரேமலா ஜன்னல் வழியாக டயர்க் கடையைப் பார்த்தார்.

செல்வாதான் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாரும் அழல சார். இந்தப் புரதம் எச்சில்லயும் சுரக்கும். வாரம் பூரா நாங்க அளந்தது உங்க பேச்சைத்தான்."